இனிப்பும் உவர்ப்பும் இணைந்த மாங்கனிப் பை

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் வாக்கு. பண்டம் என்று பொதுவாகச் சொன்னார்களே தவிர, குழம்புக்கு மட்டும் என்றோ கூட்டுக்கு மட்டும் என்றோ அவர்கள் வரம்பு கட்டவில்லை. ஆயினும் பழத்தால் செய்யும் பலகாரம் என்றவுடன், "அதில் உப்பா? மிளகா? வெங்காயமா?" என்று நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. அந்த ஐயத்தை நீக்கி, நம் காரைக்கால் மண்ணில் எளிதில் கிடைக்கும் மாங்கனியைக் கொண்டு, இனிப்பும் உவர்ப்பும் கூடிய ஒரு பை சுடும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுடும் முறையை மட்டும் சொன்னால் போதாதா, காரணங்கள் எதற்கு என்று தோழியர் சிலர் கேட்கலாம். வெண்ணெய், பாலாடைக்கட்டி, பழம் ஆகியவற்றின் விலை ஓர் எளிய குடும்பத்துக்குச் சிறிதன்று. ஒருமுறை மாவு கடினமாகிப் பழம் நீர்த்துப் போனால், "இதெல்லாம் நமக்கு வராது" என்று அம்மா அடுப்பை அணைத்துவிடுவார். மறுமுறை முயல்வதற்குப் பொருளும் இராது, மனமும் இராது. ஒவ்வொரு செயலுக்கும் காரணம் தெரிந்தவள் முதல் முறையிலேயே வெற்றி காண்பாள். ஆகவே காரணங்களையும் சேர்த்தே காண்போம்.

பை என்றால் என்ன?

பை என்பது ஆங்கிலச் சொல். ஆயினும் தமிழில் பை என்றால் ஒரு பொருளை உள்ளே இட்டு வைக்கும் கலம் என்று நாம் அறிவோம். இந்தப் பண்டமும் அத்தகையதே. மாவினால் ஒரு பை செய்து, அதனுள் பூரணம் இட்டு, அனலில் சுட்டு எடுக்கிறோம். நம் சோமாசியும் கொழுக்கட்டையும் இதே இனத்தைச் சேர்ந்தவைதாம். சோமாசி எண்ணெயில் வேகிறது. கொழுக்கட்டை ஆவியில் வேகிறது. பை உலர்ந்த அனலில் வேகிறது. வேறுபாடு அவ்வளவே. பிரெஞ்சு மொழியில் மேல்மூடி இல்லாத பையைத் 'தார்த்' என்றும், மூடி உள்ளதைத் 'தூர்த்' என்றும் அழைப்பர்.

காரைக்கால் 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தது. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த ஆண்டுகள் நீங்கலாக, 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அவர்கள் ஆட்சியே இங்கு நடந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்பு சட்டப்படி முழுமை பெற்றது. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்தத் தொடர்பினால் பிரெஞ்சுப் பண்டங்களின் பெயர்கள் நம்மூரில் முற்றும் அந்நியமானவை அல்ல. எனினும் கோதுமையும் வெண்ணெயும் குளிர்நாட்டு உணவுகள்; நெல்லும் எண்ணெயும் காவிரிக் கடைமடையின் உணவுகள். இரண்டையும் பொருத்துவதில்தான் நம் திறமை இருக்கிறது.

மாங்கனியும் நம்மூரும்

காரைக்கால் என்றதும் மாங்கனி நினைவுக்கு வராதவர் உண்டோ? அறுபத்து மூன்று நாயன்மார்களுள் இடம்பெற்ற பெண்கள் மூவர். அவர்களுள் ஒருவரான காரைக்கால் அம்மையாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். புனிதவதி என்னும் இயற்பெயர் கொண்ட அவரிடம் கணவர் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை அனுப்பி வைத்தார். அப்போது பசியோடு ஓர் அடியார் வந்தார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. பசித்தவரைக் காக்க வைக்க மனமில்லாத புனிதவதியார், கனிகளுள் ஒன்றைச் சோற்றோடு சேர்த்துப் படைத்தார். பின்னர் கணவருக்காக அவர் இறைவனிடம் வேண்டிப் பெற்ற கனியின் கதையை ஊரில் எல்லாச் சமயத்தவரும் அறிவர். ஆண்டுதோறும் ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், ஊர்வலத்தின்போது மாடிகளிலிருந்து மாங்கனிகளை வீசுவதும், மக்கள் கை நீட்டிப் பிடிப்பதும் கண்கொள்ளாக் காட்சியாகும்.

இவ்வரலாற்றில் சமையல் பயிலும் நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கறிக்குப் பதிலாகக் கனி சோற்றோடு சேர்ந்தது என்பதே அது. இன்றும் தஞ்சை, நாகை வட்டாரத்து வீடுகளில் உப்பிட்ட தயிர்ச்சோற்றுக்கு மாம்பழம் தொட்டுக்கொள்கிறோம். சித்திரை முதல் நாளில் மாங்காய், வெல்லம், வேப்பம்பூ, மிளகாய், உப்பு சேர்த்துப் பச்சடி செய்கிறோம். பள்ளி வாசலில் கீறி விற்கும் மாங்காயில் உப்பும் மிளகாய்த் தூளும் தூவித் தின்னாத மாணவி யார்? எனவே பழமும் உப்பும் சேர்வது பிறநாட்டார் நமக்குக் கற்றுத் தந்த பாடம் அன்று.

பிறநாட்டுச் சான்றுகள்

பிறநாடுகளிலும் இவ்வழக்கம் பழமையானதே. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் செய்யும் 'மின்ஸ் பை' இன்று உலர்பழம் நிறைந்த இனிப்பாக இருக்கிறது. முற்காலத்தில் அதனுள் கொத்திய இறைச்சியும் உலர்பழமும் மசாலாப் பொருள்களும் ஒன்றாக இருந்தன. அந்நாட்டின் யார்க்‌ஷயர் பகுதியில் ஆப்பிள் பையோடு பாலாடைக்கட்டித் துண்டு வைத்து உண்பர். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் 1999-இல் ஆப்பிள் பையைத் தன் மாநிலப் பையாகச் சட்டம் இயற்றி அறிவித்தபோது, அதனுடன் பரிமாறத்தக்கவையாகக் குளிர்ந்த பால், செடார் பாலாடைக்கட்டி, ஐஸ்கிரீம் ஆகியவற்றைக் குறிப்பிட்டது. மொராக்கோ நாட்டில் 'பஸ்தில்லா' என்னும் பையில் புறா இறைச்சியும் பாதாம் பருப்பும் இருக்கும். மேலே சர்க்கரையும் இலவங்கப்பட்டைத் தூளும் தூவியிருக்கும்.

சுவைகள் எவ்வாறு இணைகின்றன?

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என நாம் ஆறு சுவைகளைக் கூறுகிறோம். இக்கால அறிவியலார் நாவின் அடிப்படைச் சுவைகளாக இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகிய நான்குடன் 'உமாமி' என்ற ஒன்றையும் சேர்த்து ஐந்தாகக் கணக்கிடுகின்றனர். 1908-ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியல் அறிஞர் கிக்குனே இக்கேடா இச்சுவையைப் பிரித்தறிந்து பெயரிட்டார். முற்றிய பாலாடைக்கட்டியிலும் பழுத்த தக்காளியிலும் இது மிகுதி. மிளகின் காரம் சுவை மொட்டுகளால் உணரப்படுவதன்று. அதிலுள்ள பைப்பரின் என்னும் பொருள் வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் உண்டாவது. துவர்ப்பும் அவ்வாறே வாயின் உட்புறத்தை இறுக்கும் ஓர் உணர்வு.

இவற்றுள் உப்பின் பணி வியக்கத்தக்கது. சிறிதளவு உப்பு, கைப்பை நாம் உணரும் திறனைக் குறைத்துவிடுகிறது. தோலருகில் மாங்காய்க்கு இயல்பாக உள்ள மெல்லிய கைப்பு அடங்கியதும், மறைந்திருந்த இனிப்பு மேலெழுகிறது. புளிப்பு இனிப்பின் திகட்டலைப் போக்குகிறது. வெண்ணெயின் கொழுப்பு மணத்தைத் தாங்கி நிற்கிறது. பாலாடைக்கட்டியின் உமாமி எல்லாவற்றுக்கும் ஓர் அடித்தளம் போல் அமைகிறது. ஆனால் "அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு". உப்பு ஒரு கரண்டி மிகுந்தால் பை ஊறுகாயாகிவிடும்!

தேவையான பொருள்கள்

எட்டுத் துண்டுகளுக்கு, ஏறத்தாழ 22 செ.மீ. அகலமுள்ள தட்டுக்கு:

மாவுக்கு: மைதா 250 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 125 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, ஒன்றிரண்டாகப் பொடித்த சீரகம் 1 தேக்கரண்டி, ஐஸ் நீர் 4 முதல் 5 மேசைக்கரண்டி.

பூரணத்துக்கு: செங்காய்ப் பதத்து மாங்காய், தோலும் கொட்டையும் நீக்கி 600 கிராம், நாட்டுச் சர்க்கரை 80 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு 1 தேக்கரண்டி, சுக்குத் தூள் கால் தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 100 கிராம், பச்சை மிளகாய் 1, அரிசி மாவு ஒன்றரை மேசைக்கரண்டி, வதக்க வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, துருவிய பாலாடைக்கட்டி 40 கிராம், வறுத்த ரவை 1 மேசைக்கரண்டி, மேலே தடவச் சிறிது பால்.

கடையில் வாங்கும் வெண்ணெயில் பெரும்பாலும் உப்பு இருக்கும். அவ்வாறாயின் மாவுக்கு ஒரு சிட்டிகை உப்பே போதும். வீட்டில் கடைந்த வெண்ணெயில் நீர் மிகுதி. துணியில் இட்டு நன்கு பிழிந்து, குளிர வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

பழம் தேர்ந்தெடுத்தல்

நன்கு பழுத்த கனி பைக்கு ஏற்றதன்று, அடுப்பில் கூழாகிவிடும். முழுக் காயும் வேண்டா, புளிப்பு மிகும். பழமும் காயும் அல்லாத செங்காயே தக்கது. கிளிமூக்கு இனம் சதைப்பற்றும் உறுதியும் உடையதாதலால் இதற்கு மிகவும் பொருந்தும். கடற்காற்றில் உதிர்ந்து அடிபட்ட காய்களையும், நைந்த பகுதியை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். வீணாகும் பொருள் விருந்தாகும்.

காம்பிலிருந்து வடியும் பால் தோலைப் புண்ணாக்கும். முதலில் நன்கு கழுவுக. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டது. மேனி முழுதும் ஒரே சீராக மஞ்சளாகி, உள்ளே வெளுத்துக் கடினமாக, மணமின்றி இருக்கும் பழங்களை ஐயுற்று விலக்குவதே நலம். வைக்கோலில் இட்டுப் பழுக்க வைத்த வீட்டுக் காய்களைவிடச் சிறந்தவை இல்லை.

மாவு பிசைதல்

பையின் பெருமை அதன் பொருபொருப்பான மாவில் இருக்கிறது. சப்பாத்திக்கு அழுத்திப் பிசைவோம். கோதுமைப் புரதம் நீரோடு கூடிப் பிசையப்படும்போது 'குளூட்டன்' என்னும் இழைகள் உண்டாகின்றன. அவையே சப்பாத்திக்கு இழுவைத் தன்மை தருகின்றன. பைக்கு அந்த இழுவை ஆகாது. ஆகவே முதலில் கொழுப்பால் மாவைப் பொதிந்து, பிறகு குறைந்த நீர் தெளித்து, மிகக் குறைவாகக் கையாள வேண்டும்.

மைதா, உப்பு, சீரகம் மூன்றையும் சலித்துக் கலந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போடுக. உள்ளங்கை சூடானது, விரல் நுனியால் மட்டும் உதிர்த்துத் தேய்க்க வேண்டும். பெரும்பகுதி ரவை போலவும், இடையிடையே பட்டாணி அளவு வெண்ணெய்த் துண்டுகளுமாக இருக்கும்போது நிறுத்திவிடுக. இத்துண்டுகளே அடுப்பில் உருகி, மாவுக்கிடையே அடுக்குகளை உண்டாக்குகின்றன. வெண்ணெயில் ஏறத்தாழ நூற்றுக்கு 16 பங்கு நீர் உண்டு. அது ஆவியாகி மாவை மேலே தூக்குகிறது. நெய்யில் நீர் இல்லை. ஆதலால் நெய்யிட்ட மாவு நானாகத்தாய் போல உதிருமே தவிர அடுக்காகாது.

இங்கேதான் நம்மூர் வெயில் நமக்கு இடையூறு. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். ஆனி மாதப் பகலின் வெப்பம் அதைத் தாண்டுவது வழக்கம். ஆகவே மாவு வேலையை விடியற்காலையில் முடிப்பது நன்று. மாவையும் பாத்திரத்தையும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுக்கலாம். ஐஸ் நீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, பிடித்தால் பிடிபடும் பதத்தில் உருட்டி, ஈரத் துணியில் சுற்றி ஒரு மணி நேரம் குளிர வைக்கவும். இந்த ஓய்வில் இழைகள் தளர்கின்றன. வெண்ணெய் மீண்டும் இறுகுகிறது. ஓய்வின்றித் திரட்டிய மாவு அடுப்பில் சுருங்கித் தட்டின் ஓரத்தை விட்டு இறங்கிவிடும்.

பூரணம்

பழப் பையின் பெரும் பகை நீர். ஊறுகாய் போடும் நம் பாட்டிமார் இதை வெல்லும் வழியை நன்கறிவர். விரற்கடை அளவு துண்டுகளாக நறுக்கிய மாங்காயில் உப்பும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து அரை மணி நேரம் வைத்தால், சவ்வூடு பரவல் என்று நாம் பாடத்தில் படித்த செயலால் சாறு வெளிவரும். அச்சாற்றை வடித்து, கம்பிப் பதத்துக்குச் சற்று முன்வரை கொதிக்க வைத்துக் குறுக்குக. ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ புளிப்புச் சாற்றைக் கொதிக்க வைத்தால் களிம்பு ஏறும். எவர்சில்வர் அல்லது மண் சட்டியே ஏற்றது.

வேறொரு சட்டியில் வெண்ணெய் இட்டு, மெல்லியதாக அரிந்த சின்ன வெங்காயத்தைச் சிறு தீயில் கால் மணி நேரம் பொன்னிறமாகும்வரை வதக்கவும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி உள்ளே பச்சை வாசனை நிற்கும். பொறுமையாக வதக்கும்போது வெங்காயத்தின் காரநெடி நீங்கி, அதன் சர்க்கரை வெளிப்பட்டு, இனிப்புக்கும் உவர்ப்புக்கும் அதுவே பாலமாகிறது. இதனுடன் கீறி விதை நீக்கிய மிளகாய், மிளகு, சுக்கு, மாங்காய், குறுக்கிய சாறு ஆகியவற்றைச் சேர்த்து ஐந்து நிமிடம் கிளறி இறக்கி, அரிசி மாவைத் தூவிக் கலந்து முழுதும் ஆற விடுக. சூடான பூரணத்தை மாவில் இட்டால் வெண்ணெய் உருகி அடிப்பகுதி கூழாகும்.

அமைத்தலும் சுடுதலும்

மாவில் மூன்றில் இரண்டு பங்கை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் திரட்டித் தட்டில் விரித்து, இழுக்காமல் ஓரங்களில் படிய வைக்கவும். முள்கரண்டியால் அடியில் குத்துக. வறுத்த ரவையைத் தூவி, அதன்மேல் பாலாடைக்கட்டித் துருவலைப் பரப்புக. எஞ்சிய ஈரத்தை இவ்விரண்டும் தடுத்து நிறுத்தும். பிறகு பூரணத்தை நிரப்பவும். மீதமுள்ள மாவைப் பட்டைகளாக வெட்டி, பாய் முடைவது போல் மேலும் கீழுமாகக் கோத்து மூடுக. இடைவெளிகள் வழியே ஆவி வெளியேறும். மேலே பால் தடவவும்.

அடுப்பு முன்பே சூடேறியிருக்க வேண்டும். முதலில் 200 டிகிரியில் 20 நிமிடம். பின்னர் 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். தொடக்கத்துக் கடுஞ்சூடு, வெண்ணெய் வழிந்தோடுமுன் மாவை நிலைநிறுத்துகிறது. மேற்புறம் பொன்னிறமாவது மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிவதால் ஆகும். 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி கமீய் மயார் பெயராலேயே அவ்வினை வழங்குகிறது. நிறத்தை மட்டும் நம்பி இறக்கிவிடக் கூடாது. பட்டைகளுக்கிடையே பூரணம் குமிழியிட்டுக் கொதிக்க வேண்டும். அப்போதுதான் அரிசி மாவு வெந்து சாற்றைக் கெட்டிப்படுத்தியிருக்கும்.

மின் அடுப்பு இல்லாத வீடுகளில் கனத்த குண்டானில் இரண்டு அங்குல உயரம் ஆற்று மணல் பரப்பி, மேலே கம்பி வளையம் வைத்து, மூடிக் கால் மணி நேரம் சூடாக்குக. தட்டை உள்ளே வைத்து மூடி, கனத்த இரும்பு மூடியின்மேல் தணல் பரப்பவும். மேலும் கீழும் அனல் இருந்தால்தான் பட்டைகள் சிவக்கும். இம்முறையில் ஒரு மணி நேரம் ஆகலாம். தணலைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம். தாவணித் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ள மறவாதீர்கள்.

இறக்கியவுடன் வெட்ட ஆவல் எழும். இரண்டு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஆறும்போதுதான் பூரணம் இறுகித் துண்டு துண்டாக எழும்பும். பையை அன்றே உண்பது நலம். எஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் சூடாக்கி உண்ணலாம்.

பரிமாறும் முறை

இதை விருந்தின் இறுதியில் இனிப்பாகத் தர வேண்டுவதில்லை. மாலைத் தேநீரோடு தரலாம், மதிய உணவில் கெட்டித் தயிரோடும் தரலாம். ஒரு பையில் எட்டுத் துண்டுகள் வரும். ஒருவருக்கு ஒரு துண்டு போதும். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரையே என்பதை நினைவிற் கொள்க. மாங்காய்ப் பருவம் முடிந்தபின் அன்னாசியும் கெட்டியான கொய்யாவும் கைகொடுக்கும். அன்னாசியில் நீர் மிகுதியாதலால் சாற்றை இன்னும் நன்றாகக் குறுக்க வேண்டும். கொய்யாவில் 'பெக்டின்' நிறைந்திருப்பதால் அரிசி மாவைப் பாதியாகக் குறைக்கலாம்.

தோழியரே, அளவறிதல், பொறுத்திருத்தல், வீணாக்காமை ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் பழக்கும் பாடம் இது. உப்பைக் கரண்டியால் அளப்பவள் வீட்டுச் செலவையும் அளந்து செய்வாள். நாளை சிலருக்கு இத்தொழிலே ஊதியம் தரவும் கூடும். அவ்வாறு விற்பனை செய்ய விரும்புவோர் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின்படி பதிவு பெற்றே தொடங்க வேண்டும். வரும் ஆனியில் மாங்காய்கள் மலிவாகக் கிடைக்கும்போது, விடியலில் எழுந்து வெண்ணெய் உருகுமுன் மாவைத் திரட்டுவோம். முதல் துண்டை, சோற்றுக்குக் கறி இல்லாத வேளையில் கனி படைத்த அந்த நல்மனத்தை எண்ணி, பசித்து வரும் ஒருவருக்குக் கொடுப்போமாக!